முந்திரிக்கொட்டை எண்ணெயும் சைகோன் செருப்பும்

1. வாளியும் முக்காலியும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் ஒருவருக்கும் ஊசி போடவில்லை, மருந்து கலக்கவில்லை. கால் கழுவினேன். காலையில் உட்கார்ந்தவள் வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஊரார் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வில்லியனூர் கொம்யூனில் இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி அது. கொம்யூன் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது, பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரன் ஆட்சி. நான் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை பழகியவள். பிரெஞ்சில் அதற்குப் பான்ஸ்மான் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்வதிலேயே எனக்கு ஒரு மிதப்பு. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையோடு வந்து இறங்கினால், டாக்டர் என் முன்னால் ஒரு வாளி வெந்நீரையும் ஒரு முக்காலியையும் போட்டார்.

தை அறுப்பு முடிந்த சமயம். ஐப்பசியிலிருந்து சேற்றில் நின்ற கால்களெல்லாம் அப்போதுதான் கரையேறியிருந்தன. விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு, உள்ளங்காலில் ஆணி, அதற்குள் எப்போதோ குத்தி மறந்துபோன கருவமுள். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவராவது காலைக் காட்ட வெட்கப்பட வேண்டுமே, இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

டாக்டர் புதுச்சேரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். எல்லோரும் அவரை முசே என்று கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். நான் அவரிடம் போய் நின்றேன்.

"முசே, நான் நர்ஸு வேலைக்கு வந்திருக்கேன். கால் கழுவ வரல."

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பெரிய வியாழக்கிழமை அன்னைக்கி கோயில்ல சாமியாரே ஊரார் கால் கழுவுறாரு. உனக்கு இன்னாம்மா கொறைஞ்சு போச்சு?"

மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவளிடம் இப்படிச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம் ஓய்வு பெறும்வரை அந்த முக்காலியை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

2. செருப்புக்குப் பல் இருக்கிறதா

எங்கள் பக்கத்தில் வருஷம் முழுக்கச் செருப்புப் போடுகிறவர்கள் அன்று சொற்பம். சேற்றில் செருப்பு எதற்கு? ஆனால் பங்குனி பிறந்து மண் சுடத் தொடங்கினால் கடைத்தெருவில் செருப்பு வியாபாரம் சூடு பிடிக்கும். கிறிஸ்தவர்களுக்கு நாற்பது நாள் தபசு காலம் முடிந்து பாஸ்கா பண்டிகை, அதாவது ஈஸ்டர், வந்துவிட்டால் கல்யாணங்கள் ஆரம்பம். கையில் அறுப்புக் காசு இருக்கும். அந்த மாதங்களை நாங்கள் ஆஸ்பத்திரியில் செருப்புக் காலம் என்போம். எங்களுக்கு அது கொப்புளக் காலம்.

காசிம் பாய் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எனக்கும் அப்படித்தான் என்பதால் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம். ஒரு பங்குனி காலையில் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் வந்தார்.

"ரோசாலிம்மா, இதப் பாரு. நேத்து வாங்கிக்குனு போனான். இன்னைக்கி என் மூஞ்சில அடிக்காத கொறையா கொண்டாந்து போடுறான். செருப்பு கடிக்குதாம். செருப்புக்கு இன்னா பல்லா இருக்குது?"

"செருப்ப எதுக்கு பாய் எங்கிட்ட கொண்டாந்தீங்க? கடிபட்ட காலுல்ல கொண்டாரணும்."

"கால நான் எங்கருந்து கொண்டாருவேன்? அவன் எடுத்துக்குனு போய்ட்டான்."

பக்கத்தில் கட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. அவருக்கு வயிற்றெரிச்சல். நான் செருப்பை வாங்கிப் பார்த்தேன். வாரின் உள்பக்கத்தில் ரத்தக்கறை. தோலில் ஒரு குறையும் இல்லை, தையலும் சுத்தம்.

"உங்க செருப்பு மேல தப்பு இல்ல பாய். சேத்துல ஊறி வெடிச்ச கால, அப்படியே கொண்டு போயி தோலுக்குள்ள வுட்டா கடிக்காம முத்தமா குடுக்கும்? மொதல்ல கால் தேறணும். அப்பறம் செருப்பு."

"அதுக்கு நான் இன்னா பண்ண?"

"மாசியிலேயே வந்து செருப்பு வெல கேப்பாங்க இல்ல, அப்பவே எங்கிட்ட அனுப்புங்க."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறவளைப் பார்க்கிற பார்வை. ஆனால் அனுப்பினார். அடுத்த வருஷம் அவர் கடைக்கு ஒரு செருப்புகூடத் திரும்பி வரவில்லை. பிறகு அவரே வாடிக்கைக்காரர்களிடம், "கால நீட்டு பாப்பம். ம்ஹும், போ, ரோசாலியம்மா கிட்ட காமிச்சிட்டு வா" என்று அதட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் அப்படி வருகிறவர்களுக்கு என்ன செய்தேன் என்று இளம் நர்சுகள் கேட்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர், அதில் ஒரு பிடி உப்பு. கால் ஊறித் தோல் வெளுக்கிறவரை வைத்திருக்க வேண்டும். பிறகு பீர்க்கங்கூட்டால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கத்தியால் சீவுகிறவன், பிளேடால் செதுக்குகிறவன் என் கண்ணில் பட்டால் திட்டு வாங்காமல் போனதில்லை. தேய்ப்பது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். பிறகு துடைக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். மேலே துடைத்துவிட்டு விரல் இடுக்கை விட்டுவிடுவார்கள். அந்த ஈரத்தில்தான் சேற்றுப்புண் குடியிருக்கிறது. இடுக்கைத் துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு மருதாணி அரைத்து வைப்பேன். குதிகாலுக்கு விளக்கெண்ணெய், அல்லது ஆஸ்பத்திரி வாசலின். மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு படுக்க வேண்டும். இடுக்குக்கு எண்ணெய் ஆகாது, குதிகாலுக்கு வறட்சி ஆகாது. இவ்வளவுதான்.

புதுச் செருப்பை வாங்கியதும் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பாதே, வீட்டுக்குள் சாயங்காலம் கொஞ்ச நேரம் நடந்து பழக்கு என்பேன். செருப்பை வாங்குவதும் சாயங்காலத்தில்தான். நாள் முழுக்க நின்ற கால் பொழுது சாயும்போது கொஞ்சம் பருத்திருக்கும். காலையில் அளவெடுத்து வாங்கினவன் மாலையில் நொண்டுவான்.

3. ஆரோக்கியத்தின் குதிகால்

வில்லியனூருக்குத் தெற்கே கோயில் ஊர் ஒன்றில் சவரியம்மாள் என்று ஒரு விதவை. கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, மூன்று பெண்கள். மூத்தவள் ஆரோக்கியம். நடவில் அவளை முந்த ஆள் கிடையாது. அவள் நட்ட வயலைக் கயிறு பிடித்து நட்டது என்றுதான் நினைப்பார்கள்.

அவளுக்கு அரியாங்குப்பத்தில் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை மரியதாஸ், வியட்நாமில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் குமாஸ்தா வேலை பார்த்தான். லீவில் வந்திருந்தான். பாஸ்காவுக்கு அப்புறம் கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் கப்பலேற வேண்டும். ஏறுவதற்கு முன்னால் உடம்பைச் சோதித்துத்தான் விடுவார்கள். இப்படிப்பட்ட இடம் அந்த வீட்டுக்குக் கனவிலும் கிடைக்காது. இது நடந்துவிட்டால் பின்னால் இருக்கிற இரண்டு பெண்களுக்கும் வழி பிறக்கும் என்று சவரியம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாயார் தெரேசம்மாள் பெண்ணுக்கு என்று ஒரு ஜோடிச் செருப்பு அனுப்பியிருந்தாள். மகன் சைகோனிலிருந்து கொண்டுவந்தது. வெள்ளைத் தோல், உயர்ந்த குதி, பின்னால் ஒரு மெல்லிய வார். கூடவே ஒரு சொல்லும் வந்தது. "எங்க மருமவ கோயிலுக்கு இதப் போட்டுக்குனுதான் வரணும். சைகோன் போறவ வெறுங்கால்ல வந்தா எங்களுக்குத்தான் அசிங்கம்."

தபசு காலத்தின் முதல் வாரத்தில் சவரியம்மாள் மகளை என்னிடம் கூட்டிவந்தாள். குதிகாலைப் பார்த்தேன். வெடிப்பில் ஒரு நெல்மணியைச் சொருகினால் நிற்கும். சைகோன் செருப்பின் வார் சரியாக அந்த வெடிப்பின் மேல்தான் உட்காரும்.

"இது தேறுமாம்மா?" என்று சவரியம்மாள் கேட்டாள்.

"ஏன் தேறாது? தபசு காலம் முழுக்க நான் சொல்றபடி கேட்டா, பாஸ்காவுக்கு இவ குதிகால் என் கன்னம் மாதிரி ஆயிடும்."

அப்போது எனக்கு நல்ல கன்னம். ஆரோக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். தினமும் நடந்துவந்து காலை வாளிக்குள் வைப்பாள். இரண்டு வாரத்தில் வெடிப்பின் ஓரம் மெத்தென்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காசிம் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும், "பலே, இந்தக் காலுக்கு நான் கண்ண மூடிக்குனு செருப்பு விப்பேன்" என்றார்.

பிறகு ஒரு நாள் அவள் வரவில்லை. மறுநாளும் இல்லை. நடவும் இல்லை, அறுப்பும் இல்லை, எங்கே போனாள் என்று பார்த்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

பாஸ்காவுக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று கோயில் வாசலில் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. தெரேசம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் பெண் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஆரோக்கியம் காலைப் பாயால் மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். பாயை விலக்கினால் இரண்டு காலும் கறுத்துப்போய், தோல் திட்டுத்திட்டாக உரிந்து, நீர் வடிந்துகொண்டு இருக்கிறது. தெரேசம்மாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். போகிற வழியில் யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். பெருவியாதி.

பெருவியாதிக்காரர்களைத் தொட்டுக் கட்டுப் போட்டவள் நான். அது பாவமும் இல்லை, சாபமும் இல்லை, ஒரு நோய், இப்போது தொழுநோய் என்கிறார்களே அதுதான். ஆனால் அந்தப் பேச்சு ஒரு வீட்டின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே சவரியம்மாள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருகிற அக்கம்பக்கத்தார் ஒருவரும் வரவில்லை. கல்யாணம் நடக்க வேண்டுமானால் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு முதல் ஓலை. அதை நிறுத்தி வையுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சாமியாரிடம் சொல்லிவிட்டார்கள்.

4. முந்தானைக்குள் ஒரு கை

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனேன். சவரியம்மாள் கதவை மறித்து நின்றாள்.

"வேணாம்மா. தூங்குறா. நீங்க போங்க."

"நவுரு."

"உங்க கால்ல வுழறேன், போங்கம்மா."

"என் கால்ல அப்பறமா வுழு. மொதல்ல உன் பொண்ணு கால நான் பாக்குறேன்."

ஆரோக்கியம் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் காலை மடியில் எடுத்து வைத்தேன். பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. குதிகாலைச் சுற்றித்தான் ஆழமான புண். அது கணுக்காலுக்குக் கீழே வரப்பு போட்டது போல நேர்கோட்டில் நின்றுவிட்டது. புறங்காலில் மட்டும் சொட்டுச் சொட்டாகச் சின்னக் கொப்புளங்கள். நோய் இப்படிச் சொட்டாது. எண்ணெய்தான் சொட்டும்.

அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். பஞ்சைத் திரித்து நுனியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். பெருவியாதித் திட்டில் தொட்டால் பெரும்பாலும் உணர்ச்சி இருக்காது.

"எங்க தொடுறேன்?"

"சுண்டுவெரல் கிட்ட."

"இப்ப?"

"குதிகால்ல. எரியுதும்மா."

"எரியட்டும் தாயி, நல்லா எரியட்டும்" என்றேன். எனக்கு உயிர் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். சவரியம்மாள் வந்ததிலிருந்து வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். கதவை மறித்ததும் இடது கையால்தான். எழுந்து போய் அந்தக் கையை வெளியே இழுத்தேன். மூன்று விரல் நுனியும் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது.

"இன்னாடி பூசின?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சொன்னாள். நடுவில் ஒரு நாள் ஆசைப்பட்டுச் சைகோன் செருப்பை மகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வார் குதிகாலில் உரசி ரத்தம் வந்துவிட்டது. தாய்க்குப் பயம் பிடித்துவிட்டது. பூரணாங்குப்பத்தில் அவளுடைய நாத்தனார் வீடு. அங்கே முந்திரித் தோப்பு. முந்திரிக்கொட்டையைச் சுடும்போது ஓட்டிலிருந்து கறுப்பாக ஓர் எண்ணெய் வடியும். அந்தப் பக்கத்தில் பித்தவெடிப்புக்கு அதில் ஒரு துளியைக் குச்சியால் தொட்டு வைக்கிற வழக்கம் உண்டு. அதுவே வேண்டாத வேலை. இவள் கொட்டாங்கச்சி நிறைய வாங்கிவந்து, துளி வைத்தால் ஒரு மாதத்தில் ஆறுவது, வழித்துப் பூசினால் ஒரு வாரத்தில் ஆறும் என்று, இரண்டு குதிகாலிலும் வழித்துப் பூசிவிட்டாள்.

"மணப்பட்டுல படகுக்குப் பூசுறாங்களே அதானடி இது? உப்புத்தண்ணி அரிக்காம இருக்க மரத்துக்குப் பூசுறதக் கொண்டாந்து புள்ள கால்லயா பூசுவ? சரி, பூசித் தொலைச்ச. ஊரே பெருவியாதின்னு பேசுதே, அப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிம்மா சொல்றது? மருந்து பூசினோம்னு சொன்னா, இன்னா வியாதிக்கு மறைச்சி மறைச்சி மருந்து பூசினீங்கன்னு கேப்பாங்களே. நான் சொல்லக்கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. அந்த ஊர் அப்படித்தான் கேட்கும். ஆரோக்கியம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "கல்யாணம் நின்னா நிக்கட்டும்மா. தங்கச்சிங்கள யாரு கட்டுவாங்க?" நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். காலைச் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்த எண்ணெயைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

5. அரியாங்குப்பத்துக் கூடத்தில்

டாக்டர் வந்ததும் வண்டி வைத்து ஆரோக்கியத்தைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் எல்லாச் சோதனையும் செய்து, பெருவியாதி இல்லை, வெறும் எண்ணெய்ச் சூடு என்று அரியாங்குப்பத்துக்கே சொல்லி அனுப்பினார். தெரேசம்மாளிடமிருந்து பதில் வந்தது. "டாக்டர் நல்லவரு, பொண்ணு பாவம்னு சொல்லுவாரு. நான் ஒரே புள்ளய பெத்தவ." தாயின் விரலும் கறுத்திருக்கிறதே என்று யாரோ எடுத்துச் சொன்னார்களாம். அதற்கு அவள், "அப்ப ஆத்தாளுக்கும் இருக்குதுன்னு சொல்லு" என்றாளாம்.

இனி சொல்லிப் பிரயோசனம் இல்லை, காட்டித்தான் ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். பாஸ்கா முடிந்த இரண்டாம் நாள் காசிம் பாய் அரியாங்குப்பத்துக்குச் செருப்பு மூட்டையோடு வண்டி கட்டினார். நானும் ஏறிக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் பாய் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் வண்டியைத் திருப்பவில்லை.

தெரேசம்மாள் கூடத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். உயரமான பெண்மணி, காதில் கல்தோடு. மரியதாஸ் தூணோரம் நின்றான். நான் கொட்டாங்கச்சியை அவள் முன்னால் வைத்தேன்.

"இதத்தான் பொண்ணு கால்ல பூசினாங்க. முந்திரிக்கொட்டை எண்ணெய்."

"நீ சொல்ற. நான் எப்படி நம்புறது? வியாதி இருக்குறவங்க எத வேணாலும் சொல்லி மறைப்பாங்க."

"என் கை சுத்தமா இருக்குதா பாருங்க."

இடது முன்கையை அவள் கண்ணெதிரே நீட்டினேன். அவள் பார்த்தாள். ஒரு குச்சியை எண்ணெயில் தோய்த்து முன்கையில் ஒரு விரல் நீளத்துக்குப் பூசினேன். அவள் பதறி எழுந்து என் கையைப் பிடிக்க வந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"இன்னைக்கி ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சி வந்து பாருங்க. உங்க மருமவளுக்கு இருக்குறது எனக்கு வரலன்னா, நானே சாமியார்கிட்ட போயி ஓலைய வாசிக்காதீங்கன்னு சொல்றேன்."

"அக்கா, எரியுதா?" என்று தூணோரத்திலிருந்து மரியதாஸ் கேட்டான்.

"எரியாம? நான் பூசிக்கினது ஒரு விரல் அளவு. அவ ரெண்டு குதிகால் முழுக்கப் பூசிக்கினு வாரக்கணக்கா படுத்துக் கெடக்குறா. உன் செருப்ப போட்டுக்குனு உங்கூட கோயிலுக்கு வரணும்னு. நீ தூணப் புடிச்சிக்குனு நில்லு."

அவன் தலை கவிழ்ந்தது. எனக்கு அப்போது அவன் மேல் துளியும் இரக்கம் வரவில்லை.

மறுநாள் கை சிவந்தது. அதற்கு அடுத்த நாள் கொப்புளம் திரண்டு, ஓரம் கறுத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்தினார். கத்திக்கொண்டே அவரே கட்டுப் போட்டார். கட்டு ரொம்ப இறுக்கம் என்று நான் குறை சொன்னேன். அவர் மறுபடியும் கத்தினார்.

அன்று பிற்பகல் தெரேசம்மாள் மகனோடு வண்டியில் வந்து இறங்கினாள். கட்டைப் பிரித்துக் காட்டினேன். கறுத்த தோலை, அதன் ஓரத்தை, சொட்டு விழுந்த இடத்தில் வந்த சின்னக் கொப்புளத்தைக்கூட விடாமல் பார்த்தாள். பிறகு தன் விரலால் மெல்ல அதைத் தொட்டாள். தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள்.

"வலிக்குது."

"நான் அந்தப் புள்ள வூட்ல தண்ணி குடிக்காம வந்துட்டேன்" என்றாள். பிறகு மகனைப் பார்த்து, "வண்டிய அங்க வுடச் சொல்லு" என்றாள். அன்று அவள் சவரியம்மாள் கிணற்றில் தானே ஒரு குடம் இறைத்து, அக்கம்பக்கத்தார் பார்க்க அங்கேயே நின்று குடித்தாளாம். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிக்கப்பட்டது.

6. கற்றதும் கண்டதும்

நான் இதில் கற்றது ஒன்றுதான். காலைக் காட்ட வருகிறவரிடம் என்ன வலி என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் என்ன பூசினீர்கள் என்று கேட்க வேண்டும். அதுவும் திட்டுகிற குரலில் இல்லை, சோறு ஆச்சா என்று கேட்கிற குரலில். எல்லாரும் ஏதாவது பூசித்தான் இருப்பார்கள். சுண்ணாம்பு, மெழுகு, வண்டி மை, என்னென்னவோ. காலைச் செருப்புக்குத் தயார் செய்ய அவசரம் கூடாது, செருப்பு காத்திருக்கும். என்னிடம் வேலை பழகிய பெண்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லித்தான் முக்காலியில் உட்காரவைத்தேன்.

கல்யாணத்தைச் சொல்லாமல் விட்டால் என்னை அடிக்க வருவீர்கள்.

மூன்று ஓலையும் முடிவதற்குள் ஆரோக்கியத்தின் கால் ஆறிவிட்டது. பழைய தோல் கழன்று கீழே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். வெடிப்பு இருந்த தடமே இல்லை. பஞ்சு சுற்றிச் சைகோன் செருப்பைப் போட்டுப் பார்த்தேன். வார் உறுத்தவில்லை. தாராளமாகப் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை, பெண்ணை அழைத்துப் போகத் தெரேசம்மாள் வந்திருந்தாள். வீட்டிலிருந்து கோயில்வரை ஒரே தெரு. தெருவில் இரண்டு பக்கமும் ஜனம். கல்யாணம் பார்க்க வந்தவர்கள் பாதி, கால் பார்க்க வந்தவர்கள் பாதி. ஆரோக்கியம் வாசலுக்கு வந்தாள். செருப்பு படியில் தயாராக இருந்தது. அவள் அதைப் போடவில்லை.

"அத்த, நான் இப்படியே வரேன். எல்லாரும் பாக்கட்டும்."

சவரியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எனக்கும் பக் என்றது, தெரேசம்மாள் என்ன சொல்லப்போகிறாளோ என்று. இதைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று சொன்னவள் அல்லவா.

தெரேசம்மாள் மருமகள் காலைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். பட்டுப் புடவையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த இரண்டு செருப்பையும் தன் கையில் எடுத்தாள்.

"நீ முன்னாடி நட" என்றாள்.

ஆரோக்கியம் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெரு நடுவில், அவசரமில்லாமல் நடந்தாள். கல்தோடு போட்ட அந்தச் சம்பந்தியம்மாள் மருமகளின் செருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு கோயில் வாசல்வரை அவள் பின்னால் போனாள். அதற்கப்புறம் அந்தக் காலைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.